பேப்பர் கட்டில்

போன வாரம் ஜான்சியைக் கடையில், கட்டிலின்மேல் மல்லாந்த நிலையில் விட்டுவிட்டு வந்தோம். அந்த அம்மாள் எழுந்தாரா இல்லையா என்று ஒரு வாரமாகக் கவலைப்பட்டவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுந்தார். ஆனால் சும்மா எழுந்துவிடவில்லை. இடப்பக்கம் புரண்டார், வலப்பக்கம் புரண்டார், உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டு பாதம் தரையில் படுகிறதா என்று பார்த்தார். முட்டிக்கு இந்த உயரம் தோதாக இருக்கிறது என்றார். மெத்தையை முஷ்டியால் இரண்டு குத்து குத்திவிட்டு, இதைவிடக் கெட்டியாக ஒன்று காட்டுங்கள் என்று கடைக்காரரைக் கேட்டார்.

கல்யாணம் பிளஸ்ஸிக்கு. அவளுக்கு அப்பா அம்மா வாங்கிக் கொடுக்கப்போகிற சீர்க் கட்டில் அது. படுத்துப் பார்த்ததோ மாப்பிள்ளையின் அம்மா. சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள், பிளஸ்ஸியும் சிரித்தாள். கடைக்குப் போனால் பெரியவர்கள் எதையாவது தொட்டுப் பார்ப்பது வழக்கம், இவர் முழு உடம்பாலும் தொட்டுப் பார்த்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டாள். நல்ல பெண். அதனால்தான் இத்தனை தூரம் வந்து நிற்கிறாள்.

இன்று சனிக்கிழமை. தாம்பரம் சர்ச்சில் இரண்டு ஞாயிறுகளாக ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாரின் மகள் பிளஸ்ஸிக்கும் இன்னாரின் மகன் பிரசன்னாவுக்கும் திருமணம், யாருக்காவது தடை இருந்தால் சொல்லுங்கள் என்று பாஸ்டர் கேட்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நாளைக்கு மூன்றாவது ஓலை. அதற்கு முன்னால் இன்றைக்குக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் ஆர்டர் கொடுத்தாக வேண்டும், கடையின் தள்ளுபடி சாயங்காலத்தோடு முடிகிறது.

பிளஸ்ஸிக்கு மட்டும் ஒரு பிடிவாதம். அறையைப் பார்க்காமல், அளக்காமல் வாங்கக் கூடாது.

அது அவள் வேலை கற்றுக்கொடுத்த பிடிவாதம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் மெஷின்களுக்குத் தகட்டில் கூடு செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் அவள் வரைபடம் போடுகிறாள். அங்கே தகட்டை வெட்டும் முன் அதே அளவுக்குப் பிரவுன் பேப்பரை வெட்டி, பொருத்த வேண்டிய இடத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பேப்பர் எங்கே இடிக்கிறதோ அங்கே தகடும் இடிக்கும். பேப்பர் கிழிந்தால் இன்னொரு பேப்பர், தகடு வீணானால் முதலாளியிடம் பாட்டு. அந்தப் பழக்கத்தில், நேற்று வேலை முடிந்து வரும்போதே ஒரு கட்டு பிரவுன் பேப்பரோடு வந்துவிட்டாள். செம்பாக்கம் வீட்டு ஹாலில் டீப்பாயை வெளியே தூக்கி வைத்து, தாள்களை ஒட்டி, கட்டிலுக்கு ஒன்று, நாலு கதவு அலமாரிக்கு ஒன்று என்று முழு அளவில் வெட்டினாள்.

அம்மா ஹில்டாவுக்கு அது பிடிக்கவே இல்லை. சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பெரிய ரூமுக்கு என்று ஜான்சி சிஸ்டர் வாட்ஸ்அப்பில் அளவு அனுப்பிவிட்டார்களே, மறுபடியும் டேப்போடு போய் நின்றால் நம்மை என்ன நினைப்பார்கள் என்று காலையிலிருந்து அரற்றிக்கொண்டிருந்தாள். அப்பா சுந்தர்சிங்தான் மகள் பக்கம் பேசினார். அவருடைய அண்ணன் மகன் டெனிஸ் கல்யாணத்துக்கு வாங்கின பீரோ மாடிப்படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, ஜெபம் பண்ண வந்த பாஸ்டர் அதன் அடியில் குனிந்து நுழைந்து போனது அவருக்கு மறக்கவில்லை. நீங்கள் இருவரும் போய்ப் பாருங்கள், நான் குரோம்பேட்டை கடையில் உட்கார்ந்திருக்கிறேன், சரி என்று போன் பண்ணினால் பில் போடச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினார்.

அம்மாவும் மகளும் பெருங்களத்தூருக்கு ஆட்டோ பிடித்தார்கள். சுருட்டின பேப்பர் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்ற நேரத்தில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, பேனரா?"

"கட்டில்ணா" என்றாள் பிளஸ்ஸி.

"சர்தான். நம்ம வூட்டு கட்டிலையும் இப்டி சுருட்டி வெச்சுக்கினா நடக்கறதுக்கு எடம் கெடிக்கும்" என்று அவர் சொல்ல, பிளஸ்ஸிக்கு மனசு லேசாகிவிட்டது. ஹில்டா மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அங்கே போய் எதையும் வெடுக்கென்று பேசிவிடாதே என்று மூன்றாம் வகுப்புக் குரலில் சொன்னாள்.

பிரசன்னா வீடு மூன்றாவது மாடி, சில வருஷங்களுக்கு முன் கட்டின அடுக்ககம். பிளஸ்ஸி கீழேயே வேலையை ஆரம்பித்துவிட்டாள். லிஃப்டின் கதவை அளந்தாள், கட்டிலின் தலைப்பலகை நிச்சயம் நுழையாது. படியில் ஏறி ஒவ்வொரு திருப்பத்திலும் டேப்பை விரித்தாள். பலகையை நிமிர்த்திப் பிடித்துத் திருப்பினால் வந்துவிடும், அலமாரியைக் கழற்றித்தான் கொண்டுவர வேண்டும். எதிரே இறங்கி வந்தவர்களிடம் எல்லாம் ஹில்டா காரணமில்லாமல் புன்னகை செய்துகொண்டு நின்றாள்.

கதவைத் திறந்தது ஜான்சி. நைட்டி, தோளில் துண்டு. திறந்ததுமே தைலமும் காயாத துண்டும் நேற்றைய மீன் குழம்பும் சேர்ந்த ஒரு வாடை அடித்தது. பிளஸ்ஸி மூக்கைச் சுளிக்கவில்லை, நாளைக்கு வாழப்போகிற வீடு என்று நினைத்துக்கொண்டாள். ஹாலில் மாப்பிள்ளையின் அப்பா ஏசுபாதம் லுங்கி பனியனோடு, டீப்பாய்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வாங்க வாங்க என்று நகவெட்டியை ஆட்டினார். துண்டு நகம் ஒன்று பறந்து போய் மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அதே தட்டை ஜான்சி எடுத்து ஹில்டாவிடம் நீட்டினார். ஹில்டா ஒரு கை அள்ளி எடுத்துக்கொண்டாள். மீதி மிக்சர் ஜாடிக்குத் திரும்பிப் போனது.

பிரசன்னா கூல்டிரிங்ஸ் வாங்கக் கீழே போயிருக்கிறான் என்றார் ஜான்சி. அளவு அனுப்பின பிறகு எதற்கு அலைச்சல் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு, வந்தது வந்தீர்கள், பார்த்துவிடுங்கள் என்று பெரிய ரூம் கதவைத் திறந்துவிட்டார்.

பெரிய ரூம் நிஜமாகவே பெரியது. ஒட்டினாற்போல் பாத்ரூம், இரண்டு பக்கமும் ஜன்னல். நடுவில் ஒரு பழைய கட்டில், அதன்மேல் இரண்டு பேர் படுத்த பள்ளம் இரண்டும் தனித்தனியாகத் தெரிகிற மெத்தை. மூன்று பெண்களும் மெத்தையை உருட்டி, கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தார்கள். அடியிலிருந்து முடிச் சுருளும் மாத்திரை அட்டைகளும் ஒற்றைச் செருப்பும் வெளிப்பட்டன. ஜான்சி அவற்றைக் காலாலேயே மூலைக்குத் தள்ளினார்.

பிளஸ்ஸி பேப்பரை விரித்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல உட்கார்ந்தது. மூன்று பக்கமும் தாராளமாக நடக்கலாம். அலமாரிப் பேப்பரை எதிர்ச்சுவரோரம் போட்டு, கதவு திறந்தால் கட்டிலில் முட்டுமா என்று பார்த்தாள். முட்டவில்லை. ஜன்னலை மறைக்கவில்லை, ரூம் கதவும் முழுசாகத் திறந்து மூடியது. அவளுக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. இந்தப் பக்கம் என் விளக்கு, ஜன்னல் ஓரத்தில் ஒரு நாற்காலி, காலையில் எழுந்ததும் கண்ணில் படுகிற தூரத்து மரங்கள் என்று மனசுக்குள் அறையை நிரப்பிக்கொண்டே போனாள். வாசகர்களே, அந்தப் பெண்ணை அந்த ஒரு நிமிஷம் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம்போல இருக்கிறது எனக்கு. முடியாதே.

"தலைமாடு இந்தப் பக்கம் வேணாம்மா" என்றார் ஜான்சி. "அப்படியே திருப்பிப் போடு. பிளக் அந்தச் சுவத்துலதான் இருக்கு. இவரு மெஷினுக்கு வயர் எட்டணும்ல."

ஏசுபாதத்துக்குத் தூக்கத்தில் மூச்சு திணறும். ராத்திரியில் மூக்கில் ஒரு மெஷினை மாட்டிக்கொண்டுதான் படுப்பார். அது பிளஸ்ஸிக்கும் தெரியும். ஆனால் இந்த இடத்தில் அது ஏன் வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"அங்கிளோட மெஷின் இந்த ரூம்ல எதுக்கு ஆன்ட்டி?"

"மாட்டிக்கிட்டுத்தானே தூங்குவாரு?" என்றார் ஜான்சி, மழை பெய்தால் நனையும் என்று சொல்கிற மாதிரி.

அதற்குள் ஏசுபாதமே உள்ளே வந்துவிட்டார். பிரவுன் பேப்பரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ரொம்பத் திருப்தி. ஒரு காலில் நகம் வெட்டி முடித்து, கழுவின ஈரத்தோடு வெறும் காலால் பேப்பரின்மேல் ஏறி, பாத்ரூம் பக்கமாக நின்றுகொண்டார்.

"எனக்கு இந்த சைடு. ராத்திரி நாலு தடவை எந்திரிக்கணும்" என்றார்.

அவர் நின்ற இடத்தில் ஈரக்கால் தடம் விழுந்து பேப்பர் ஊறியது. பிளஸ்ஸி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் ஜான்சி புரண்டு படுத்தது, முட்டிக்கு உயரம் பார்த்தது, மெத்தையைக் குத்திப் பார்த்தது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அது தொட்டுப் பார்த்ததில்லை. அந்த அம்மாள் தன் கட்டிலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

கோபம் வருவதற்கு முன்னால் அவளுக்கு அருவருப்புதான் வந்தது.

"அப்போ நாங்க?" என்றாள்.

"சின்ன ரூம் இருக்கே" என்றார் ஜான்சி. அதோடு தன் பெருந்தன்மையையும் விளக்கினார். கல்யாணமான முதல் ஒரு வாரம் இந்த அறை உங்களுக்குத்தான், நாங்கள் ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறோம், அதற்கப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். சின்னஞ்சிறுசுகள், எங்கே படுத்தாலும் தூக்கம் வரும். அலமாரியிலும் இரண்டு கதவு பிளஸ்ஸிக்கு விட்டுவிடுவார்களாம். காலையில் குளித்துவிட்டு வந்து கதவைத் தட்டினால் போதும், உடுப்பு எடுத்துக்கொள்ளலாம். இவர் எழுந்திருக்க நேரமானாலும் பரவாயில்லை, போர்த்திக்கொண்டுதான் படுத்திருப்பார்.

ஹில்டாவின் முகத்தைப் பிளஸ்ஸி பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிறவர்கள் என்ன சொன்னாலும் முகத்தில் வைத்துக்கொள்கிற சிரிப்பு.

பிளஸ்ஸி கட்டில் பேப்பரை இழுத்தாள். ஏசுபாதம் இறங்க மனமில்லாமல் இறங்கினார். அதை அப்படியே ஹால் வழியாகத் தரையில் இழுத்துக்கொண்டு சின்ன ரூமுக்குப் போனாள். கதவு பாதிதான் திறந்தது, பின்னால் அரிசி மூட்டை. உள்ளே பிரசன்னாவின் மடக்குக் கட்டில், இஸ்திரிக்குக் கிடந்த துணிமலை, கெட்டுப்போன மிக்ஸி, கிறிஸ்துமஸ் மரம் வைத்த நீளமான அட்டைப்பெட்டி. ஒரே ஒரு ஜன்னல், அதுவும் பக்கத்துப் பிளாக்கின் சுவரைப் பார்த்தது.

அவள் மடக்குக் கட்டிலை மடக்கினாள், பெட்டியை நிமிர்த்தினாள், மூட்டையை ஹாலுக்கு உருட்டினாள். பேப்பரை விரித்தாள். அது தரையில் படுக்க மறுத்தது. ஒரு பக்கம் சுவரில் ஒரு முழம் ஏறி நின்றது, இன்னொரு பக்கம் கதவுக்கு வெளியே ஹாலில் கிடந்தது. இந்த ரூமுக்கென்று நினைத்து யாரும் இந்தக் கட்டிலைக் கேட்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அப்போதுதான் பிரசன்னா கூல்டிரிங்ஸ் பாட்டிலோடு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சின்ன ரூமிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பேப்பரைப் பார்த்துவிட்டான். என்ன இது என்று அவன் கேட்கவில்லை. பிளஸ்ஸிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பிரசன்னா கெட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். நிச்சயம் ஆனதிலிருந்து பிளஸ்ஸிக்கு நேரமாகும் நாட்களில் எல்லாம் திருமுடிவாக்கம்வரை பைக்கில் வந்து, வீட்டில் இறக்கிவிட்டுப் போனவன். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வாசலில் இளநீர் வைத்துவிட்டு, தொந்தரவு வேண்டாம் என்று பெல் அடிக்காமல் போனவன். அதனால்தான் இது இன்னும் மோசமாக இருந்தது.

உள்ளே வந்து கதவைச் சாத்தப் பார்த்தான். பேப்பர் தடுத்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"பிளெஸ், நானே சொல்லணும்னுதான் இருந்தேன். அம்மாவுக்கு முதுகு. அந்தப் பழைய கட்டில் உடைஞ்சு போச்சு. எப்படியும் உங்க வீட்ல கட்டில் தரத்தான் போறாங்க..."

"அதனால அம்மாவுக்கு ஏத்த கட்டிலா கேட்டு வாங்கிக்கலாம்னு."

அவன் மின்விசிறியைப் பார்த்தான். பாட்டிலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"போன வாரம் போன் பண்ணி, மெத்தை சாஃப்டா வேணுமா ஹார்டா வேணுமான்னு கேட்டீங்க. நான் சாஃப்ட்னு சொன்னேன். ஹார்டுதான் உடம்புக்கு நல்லதுன்னு அரை மணி நேரம் பேசினீங்க. அது யாரோட உடம்புக்கு?"

"ரெண்டு பேருக்கும் ஆகும்னுதான்" என்றான்.

அவன் சொன்ன இரண்டு பேர் யார் என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. அதோடு அவன் நிறுத்தியிருந்தால்கூட இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கலாம். சமாதானம் பண்ணுகிறவர்களின் வியாதி அவனுக்கும் இருந்தது, மேலே மேலே பேசினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"ஏன் டென்ஷன் ஆகுற? சாயங்காலம் ஆறரைலேருந்து அம்மா ஹால்ல சீரியல் பார்ப்பாங்க, அப்பாவும் கூட உக்காந்துடுவாரு. பத்து மணி வரைக்கும் அந்த ரூம் ஃப்ரீதான். நாம யூஸ் பண்ணிக்கலாம்."

பிளஸ்ஸி அவனிடமிருந்து ஓர் அடி பின்னால் போனாள். அதற்குமேல் போகச் சுவர் விடவில்லை. அவள் உடம்பே கூசியது. ஹாலில் டிவி ஓட, அந்தக் கெட்டி மெத்தையில், மாமனாரின் மூச்சு மெஷினுக்குப் பக்கத்தில், பத்து மணிக்குள் காலி பண்ணித் தர வேண்டிய ஒரு வாழ்க்கையை அவள் முழுசாகப் பார்த்துவிட்டாள். இதைச் சொன்னவன் வெட்கப்படவில்லை. ஒரு பிரச்சினைக்கு நல்ல வழி கண்டுபிடித்துவிட்டவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை நீங்க யோசிச்சு வேற வெச்சிருக்கீங்க" என்றாள்.

"ஏன், இதுல என்ன தப்பு?"

அவன் நிஜமாகவே கேட்டான். பிளஸ்ஸி பேப்பரை மிதித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஹாலில் ஹில்டாவும் ஜான்சியும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவைப் பார்த்ததும் அழுகை முட்டியது. கிளம்பலாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஹில்டா முந்திக்கொண்டாள்.

"நாங்க பேசி முடிச்சுட்டோம் பிளஸ்ஸி. ஒண்ணும் கவலை வேணாம். பெரிய கட்டில் அவங்களுக்கு இருக்கட்டும். சின்ன ரூமுக்கு ஏத்த மாதிரி இன்னொரு கட்டிலும் நாமளே வாங்கிக் கொடுத்துடலாம்."

ஜான்சி தலையாட்டினார். டீச்சர் என்றால் டீச்சர்தான், எவ்வளவு பக்குவம் என்றார். கட்டிலுக்குக் கீழே சாமான் வைக்கிற மாதிரி பார்த்து வாங்குங்கள், அரிசி மூட்டைக்கு வேறு இடமில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். ஏசுபாதம் அடுத்த காலை டீப்பாய்மேல் ஏற்றியிருந்தார்.

பிளஸ்ஸி அம்மாவைக் கையைப் பிடித்து பால்கனிக்கு அழைத்துப் போனாள். கொடியில் ஏசுபாதத்தின் லுங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் நின்றுதான் பேச வேண்டியிருந்தது.

"உனக்கு அசிங்கமா இல்லையாம்மா?"

"எதுடி அசிங்கம்? பெரியவங்க பெரிய ரூம்ல படுக்கறதா? நான் கல்யாணமாகி வந்து அஞ்சு வருஷம் உங்க தாத்தா வீட்டு ஹால்லதான் படுத்தேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு ஸ்கிரீன். செத்தா போயிட்டேன்?"

பிளஸ்ஸி முகத்தில் வந்து மோதின லுங்கியை ஒதுக்கினாள்.

"நாளைக்கு மூணாவது ஓலை. பத்திரிகை பாதிப் பேருக்குக் கொடுத்தாச்சு. கட்டில் பத்தலைன்னு கல்யாணத்தை நிறுத்திட்டாங்கன்னு சர்ச்ல சொல்லுவாங்க. நான் அங்கதான் ஞாயிறு பள்ளி நடத்தணும், பிளஸ்ஸி. உங்க அப்பா கமிட்டியில இருக்காரு." ஹில்டாவின் குரல் உடைந்தது. "கொஞ்சம் விட்டுக்கொடு."

பிளஸ்ஸிக்கு அம்மாமேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜான்சியைப் பார்த்து வந்த அதே அருவருப்புதான் அம்மாவைப் பார்த்தும் வந்தது, அதை நினைத்து அவளுக்கே பயமாக இருந்தது. நகம் தெறித்த தட்டிலிருந்து மிக்சர் அள்ளின கை இது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத கை. அந்தக் கையைத்தான் சின்ன வயதில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்திருக்கிறாள்.

பையில் போன் அடித்தது. அப்பா.

அவள் எடுத்தாள். பின்னணியில் கடையின் பாட்டுச் சத்தம், யாரோ மரப்பலகையைத் தட்டுகிற சத்தம். சுந்தர்சிங் உற்சாகமாக இருந்தார். காலையிலிருந்து உட்கார்ந்து கடைக்காரரோடு சிநேகமாகிவிட்டாராம், இரண்டு தலையணையைச் சும்மா வாங்கிவிட்டாராம். அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

"சொல்லும்மா, அளந்தாச்சா? ரூமுக்கு சரியா இருக்கா? பில் போட்டுடலாமா?"

ஹில்டா பதறிப்போய் அவள் தோளைத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பிரசன்னா கூல்டிரிங்ஸை டம்ளர்களில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஜான்சி டம்ளர்களை அளவு பார்த்து ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரிபண்ணிக்கொண்டிருந்தார்.

"கட்டில் சரியா இருக்குப்பா" என்றாள் பிளஸ்ஸி. "எனக்குத்தான் இடமில்ல."

கடைக்காரர் என்னவோ கேட்பதும், பொறுங்கள் என்று அப்பா சொல்வதும் கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கடையில் புரண்டு படுத்தது, மெஷின் பிளக், முதல் ஒரு வாரம், அலமாரியின் இரண்டு கதவு, அம்மா தருவதாகச் சொன்ன இன்னொரு கட்டில். சாயங்காலம் ஆறரையிலிருந்து பத்து என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை ஓர் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சுந்தர்சிங் தொண்டையைச் செருமினார்.

"நீ அங்கயே இரு" என்றார். "அம்மாவையும் கிளம்ப விடாத. நான் வர்றேன்."

"எதுக்குப்பா?" என்றாள். அதற்குள் இணைப்பு போய்விட்டது.

சர்ச்சில் புருஷன் பெண்டாட்டி சண்டையோ, அண்ணன் தம்பி சண்டையோ, முதலில் சுந்தர்சிங்கைத்தான் கூப்பிடுவார்கள். இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்து, ஜெபம் பண்ணி, யாரையாவது ஒருத்தரை விட்டுக்கொடுக்கவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். விட்டுக்கொடுத்தது எப்போதும் யார் என்று பிளஸ்ஸி இதுவரை யோசித்ததில்லை. பால்கனியில் ஈர லுங்கிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு இப்போது யோசித்தாள். ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தாள். எல்லா வீட்டிலும் அது ஒரு பெண்ணாகத்தான் இருந்தது.

"அப்பா என்ன சொன்னாரு?" என்று ஹில்டா கேட்டாள்.

"வர்றாராம்."

ஹில்டா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ஸ்தோத்திரம் என்றாள்.